குரலுக்கு ஊரும் தெருவும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடகர் என்றால் பாடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும், சாதியையும் கட்சியையும் மேடையேற்றுவது இசைக்குச் செய்கிற துரோகம் என்றும் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குரல் கடவுள் கொடுத்தது, அதற்குச் சாதி இல்லை, கட்சி இல்லை, ஊர்கூட இல்லை என்று தம் கடிதத்தை முடித்திருந்தார். இசைமேல் உள்ள அன்பினால்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன். ஆயினும், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளாக ரேடியோ செட் என்கிற ஒலிபெருக்கிக் கடை வைத்துப் பிழைப்பவன், என் தகப்பனார் காலத்தையும் சேர்த்தால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், அதற்கு மறுமொழி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அம்மன் கொடை என்கிற கோயில் திருவிழா, தேவாலயத்து அசன விருந்து, தர்காக் கந்தூரி, கட்சிக் கூட்டம், சடங்கு வீடு, துட்டி வீடு என்று எல்லாவற்றுக்கும் மைக் கட்டியிருக்கிறேன். ஊர் இல்லாத குரல் ஒன்றை இதுவரை நான் கேட்டதில்லை.

தொழில் பழக என்னை முதன்முதலாகக் கொடைக்கு அழைத்துச் சென்ற அன்று, பாடுகிறவரின் வாயைப் பார்க்காதே, அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பார் என்றார் என் தகப்பனார். அது தெரிந்துவிட்டால் மைக்கை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதும் தெரிந்துவிடும். சபாவில் பாடிப் பழகியவர் மைக்கை ஒட்டி உட்கார்ந்து மெல்லத் தொடங்குவார். நடவுப் பாட்டுப் பாடிப் பழகிய பெண்ணுக்கு மைக் ஒரு முழமாவது தள்ளி இருக்க வேண்டும். ஏனென்றால் மூன்று வயல் தள்ளி நாற்று முடி சுமப்பவருக்கும் கேட்பதற்காகவே பழகிய குரல் அது. பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் ஐரோப்பிய மெட்டில் பாமாலை பாடுகிறபோது ஒரு குரல் விழும் விதம் வேறு. அதே ஆராதனையில் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடுகிறபோது விழும் விதம் வேறு. இரண்டையும் விட்டுவிட்டு, சேரியின் மெட்டிலும் பேச்சிலும் ஆண்டவரைப் பாட வேண்டும் என்று தியாபிலஸ் அப்பாவு ஐயா தம் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்ததை, மதுரை இறையியல் கல்லூரியில் அவரிடம் படித்துவிட்டு இப்பக்கம் ஊழியத்துக்கு வந்த போதகர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருவர் எந்த இடத்தில், யாருக்காக, யாருடைய சம்மதத்தோடு பாடிப் பழகினார் என்பது அவர் தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. மறைக்க நினைத்தாலும் ஒலிபெருக்கியில் அது தெரிந்துவிடும்.

கணியான் கூத்தை எடுத்துக்கொள்கிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களுக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு. சுடலைமாடன் முதலிய தெய்வங்களின் கொடையில் கணியான் பழங்குடியினர் நிகழ்த்தும் கூத்து இது. பாட்டை நடத்துபவர் அண்ணாவி. அவருக்குப் பின்பாட்டுக்காரர் உண்டு, மகுடம் என்னும் தோல்கருவியை அடிப்பவர்கள் இருவர் உண்டு, பெண் வேடமிட்டு ஆடும் ஆண்கள் உண்டு. பூவரச மரத்தில் வளையம் செய்து ஒருபக்கம் தோல் கட்டிய மகுடங்களில் ஒன்று உச்சம், மற்றது மந்தம். கூத்து தொடங்குமுன் ஓலையைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடியும் காட்டுவார்கள். அந்த ஓசை சேர்ந்த பிறகுதான் அண்ணாவி எழுந்து வருவார். வந்தவர் மைக் முன்னால் நிற்க மாட்டார். ஒரு கையைக் காதோடு அணைத்துக்கொண்டு, சனம் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்து எடுப்பார். நான் தொழிலுக்கு வந்த புதிதில், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பாடுங்கள் என்று வயதான அண்ணாவி ஒருவரிடம் சொல்லிவிட்டேன். "நான் ஆருக்குப் படிக்கேன்னு நெனைக்கிய தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே எனக்குத் தெரியவில்லையோ என்ற கவலையோடு கேட்டார். அன்று முதல் பீடத்துப் பக்கம் ஒன்று, மகுடத்துக்கு ஒன்று என இரண்டு மைக் கட்டுகிறேன்.

நள்ளிரவுச் சாமக்கொடையில் கையைக் கீறித் தெய்வத்துக்கு இரத்தம் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கு கணியானுக்கே உரியது. அந்த நேரத்தில் ஊர் முழுவதும், எவ்வளவு பெரிய வீட்டுக்காரரானாலும், அவர்முன் வாய் பொத்தி நிற்கும். அதே அண்ணாவி விடியற்காலையில், கையில் கட்டிய துணியோடு என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பேரனுடைய கல்லூரிச் சேர்க்கைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு எத்தனை முறை அலைந்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நீங்கள் கணியான்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்களாம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், என் குரலைக் கேட்டாலே சொல்வார்கள் என்றாராம் இவர். அந்தப் பதிலை எந்தப் படிவத்தில் எழுத முடியும்? இவருடைய பாட்டிலிருந்து இவர் யார் என்பதைக் கழித்துவிட்டால் அங்கே மீதி நிற்பது என்ன என்று வாசகர் எனக்குச் சொல்ல வேண்டும்.

வில்லுப்பாட்டில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. திருநெல்வேலி அருகே சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா வில்லை வானொலிக்கும் நகரத்து மேடைகளுக்கும் கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அந்த மேடை வில்லையே அறிவார்கள். கொடை வில்லு வேறு வகை. அங்கே கதையின் குறிப்பிட்ட இடம் வரும்போது சாமியாடிக்கு அருள் வந்தாக வேண்டும். எந்தப் பாடத்தைப் பாடுவது, எதை விரிப்பது, எதை இரண்டு வரியில் கடப்பது என்பதெல்லாம் வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலைக் கையில் வைத்திருக்கும் தலைமைப் பாடகரான புலவரின் முடிவு. அந்த முடிவு அரசியல் இல்லை என்று நினைப்பவர்கள் முத்துப்பட்டன் கதையை ஒருமுறை முழுவதும் கேட்க வேண்டும்.

அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், பாபநாசம் மலைப்பக்கத்தில் செருப்புத் தைக்கும் சமூகத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு மணக்க விரும்புகிறான். குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைத்துக் காட்டினால் பெண் தருவேன் என்கிறார் பகடை. பட்டன் அப்படியே செய்கிறான். மணம் முடிந்த கையோடு, மாமனாரின் மாட்டுக்கிடையைக் கொள்ளையரிடமிருந்து மீட்கப் போய் உயிரை விடுகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குப் பட்டவராயன் என்ற பெயரில் சன்னிதி இருக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் அங்கே தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். ஆடி அமாவாசைக்கு மலையேறி அதைச் செலுத்துகிறவர்களில் எல்லாச் சாதியினரும் உண்டு. நாங்குநேரியில் பிறந்த நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை அவர்கள் இந்தக் கதைப்பாடலைத் திரட்டிப் பதிப்பித்தபோது, அந்தப் பெண்கள் இருவரும் பிறப்பால் அந்தணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று வருகிற முன்கதை பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்று எடுத்துக்காட்டினார். கலப்பு மணத்தைச் செரித்துக்கொள்ள முடியாதவர்களுக்காகச் சேர்த்த வரிகள் அவை. ஆகவே ஒரு புலவர் முன்கதையைப் பாடுகிறாரா, பாடாமல் நேரே மலையடிவாரத்துக்குப் போகிறாரா என்பதிலேயே அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் எனக்கே நேர்ந்த ஒன்றை எழுதுகிறேன். நேர்ந்தது என்பதைவிட நான் செய்தது என்பதே சரி. 1990களின் பிற்பகுதி, மாவட்டத்தில் சாதிக் கலவரங்களின் சூடு ஆறாத காலம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கொடை. வில்லுக்கு ஒரு பெண் புலவர் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். குரல் கொஞ்சம் கரகரப்பானது. மேலே போகும்போது அந்தக் கரகரப்பு விலகி, வெண்கலத்தைத் தட்டினாற்போல் ஆகிவிடும். அவர் முன்கதையைத் தொடவில்லை. பட்டன் செருப்புத் தைக்கிற இடம் வருவதற்குச் சற்று முன்பு விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வந்து, பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இந்த இடத்தில் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொள் என்று காதில் சொன்னார். நான் குறைத்தேன். கையை வைத்த குமிழ் இன்றைக்கும் என் கடையில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் அந்த இரவு நினைவுக்கு வரும்.

மேடையில் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. வீசுகோலைக் கீழே வைத்தார். குடக்காரரைப் பார்த்துக் கையமர்த்தினார். உடுக்கை மட்டும் மெல்லப் பேச, மைக்கைத் தாண்டி மேடை விளிம்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, ஊசியில் வார் கோத்துத் தோலைத் தைக்கும் பட்டனின் கையைப் பாடினார். முதல் குத்து விரலில் படுகிறது, இரண்டாம் குத்து தோலில் படுகிறது. பாடிக்கொண்டே தம் இடக்கையைத் தோலாக விரித்து வலக்கையால் தைத்துக் காட்டினார். பின்னால் வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்கவில்லை என்று எழுந்து முன்னே வந்தார்கள். அவர்கள் வழக்கமாக அவ்வளவு முன்னே வருகிறவர்கள் அல்லர். அந்தப் பகுதி முடிகிற வரையில் ஒருவரும் இருமக்கூட இல்லை. காலையில் கணக்கு முடித்துவிட்டு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் அவர் வந்து, "நடுவுல கரண்டு போயிட்டோன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றார். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆமாம் தாயி என்று சொன்னேன். அந்தப் பொய்யை இத்தனை ஆண்டுகளும் சுமந்து வருகிறேன்.

குரலுக்குச் சாதி இல்லை என்று வாசகர் எழுதுகிறார். அன்று அந்தப் பெண்ணின் குரலைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அவருக்கு முன்னால் அதே மேடையில் சினிமா பக்திப் பாடல்களைப் பாடிவிட்டுப் போன குழுவினரிடம் யாரும் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. அரசியல் வேண்டாம் என்ற சொல் எப்போதும் ஒரு பக்கத்தை நோக்கியே சொல்லப்படுகிறது என்பது என் அனுபவம்.

மைக் வருவதற்கு முந்தைய காலத்திலும் நிலைமை இதுதான். 1886இல் சிவகாசியில், நாவிதத் தொழில் செய்யும் மருத்துவர் சமூகத்தில் பிறந்த விசுவநாததாஸ், நாடக மேடையில் முருகனாக வருவார். வெள்ளையரைக் கொக்காக்கி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டை அவர் எடுத்தால், வெள்ளைக் கொக்கு என்பது எந்தக் கொக்கு என்று கொட்டகையில் தரை டிக்கெட்டில் இருப்பவர் முதல் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் வரை அனைவருக்கும் தெரியும். 29 முறை சிறை சென்றவர். சாதியைச் சொல்லி அவரோடு மேடையேற மறுத்த நடிகர்களும் இருந்தார்கள். அரசாங்கம் அவர் பாட்டுக்கு அஞ்சியது, உடன் நடிப்பவர்கள் அவர் பிறப்பைப் பார்த்தார்கள். இரண்டையும் அதே தொண்டையால்தான் அவர் தாங்க வேண்டியிருந்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்தது.

நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பாவைப் பற்றி என் தகப்பனார் பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். 27 வயதில், 1933இல் இறந்துபோனவர். அவர் மறைந்த பிறகு, அவரை மணந்திருந்த பாடகி கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டார். ஆண் நடிகரோடு இணைந்து நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். அதன்பின் 1935இல் வந்த படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடம். ஒரு பெண், கைம்பெண் கோலம் பூண்டவர், தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்ட ஓர் ஆணாக நின்று கோயில் வாசலில் பாடினார். அந்தக் குரலில் ஆண்குரல் இது, பெண்குரல் இது என்று கோடு போட முடியாது. காங்கிரஸ் மேடைகளில் அந்தக் குரலைக் கேட்கவே கூட்டம் திரண்டது. பின்னாளில் அவர் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் அமர்ந்தார். பாடுகிறவர்கள் பாடுவதோடு நிற்க வேண்டும் என்ற விதி அன்று இருந்திருந்தால், அவர் துக்கத்தோடு சொந்த ஊரான கொடுமுடியிலேயே இருந்திருப்பார்.

நாகூர் ஹனிபா அவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த எவரிடம் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கட்சி மாநாட்டில் அண்ணாவையும் கலைஞரையும் பாடிய அதே குரல் மறுநாள் இறைவனைப் பாடியது. கட்சிப் பாட்டு பாடியதனால் இறைப்பாட்டு கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் கொடையிலும் மாதா கோயில் திருவிழாவிலும் இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அந்தப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்பார்கள், நான் போட்டிருக்கிறேன். அவர் இஸ்லாமியர் என்பதும் திராவிட இயக்கத்தவர் என்பதும் அந்தக் குரலில் ஒளிந்திருக்கவில்லை. எல்லார் வீட்டு வாசலிலும் அது அப்படியேதான் நுழைந்தது.

சொல்லே இல்லாமல் பாடிய விளாத்திகுளம் சாமிகள் எந்த அரசியலைப் பாடினார் என்று வாசகர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். சாகித்தியத்தை ஒதுக்கிவிட்டு ராகத்தை மட்டுமே மணிக்கணக்காகப் பாடியவர் அவர். கரகரப்பிரியா ராகத்தைக் கரிசல் காட்டிலிருந்து எடுத்தவர் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். காவிரிக்கரையின் பாடமுறைக்கும் சபாக்களின் ஒழுங்குக்கும் வெளியே நின்று, இந்த வறண்ட மண்ணிலும் இசை விளையும் என்று காட்டியதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. அவருக்குப் பக்கத்து ஊரான எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், பொருள் தெரியாத மொழியில் அதே சில கீர்த்தனைகளையே வித்துவான்கள் திரும்பத் திரும்பப் பாடுவதை எண்ணி வருந்தி எழுதினார். பின்னர் 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றும் அளவுக்கு அந்த வருத்தம் வளர்ந்தது. எந்த மொழியில் பாடுவது என்பதைக்கூட அரசியல் இல்லாமல் இந்த நாட்டில் யாரும் முடிவு செய்ததில்லை.

இனி, வாசகர் எழுதாத, ஆனால் என் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு கேள்விக்கு வருகிறேன். குரல் என்பது ஒருவர் யார் என்பதன் வெளிப்பாடு என்றால், இன்று கொடை வீடுகளில் இளைஞர்கள் கைப்பேசியில் கொண்டுவந்து போடச் சொல்கிற சாதிப் பெருமைப் பாட்டுகளும் அப்படித்தானே? அவற்றை மட்டும் ஏன் மறுக்கிறாய் என்று என் மகனே என்னிடம் கேட்டான். காவல்துறை அனுமதியில் அத்தகைய பாடல்கள் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. அவனை மறுநாள் ஒலிபெருக்கிக் குழாய் கட்டும்போது கூடவே அழைத்துப் போனேன்.

வில்லுக்கும் கணியான் கூத்துக்கும் குழாய் கட்டும்போது, சனம் எங்கே உட்காரும் என்று மட்டுமே கேட்பார்கள். பெருமைப் பாட்டுக்கு ஆட்கள் வந்து கேட்பது வேறு: அந்தக் குழாயைக் கொஞ்சம் கிழக்கே திருப்புங்கள் அண்ணாச்சி என்பார்கள். கிழக்கே இருப்பது அடுத்த தெரு. கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாம் மேற்கே உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு, அதைக் கேட்க விரும்பாதவர் வீட்டுச் சன்னலுக்குள் போக வேண்டும் என்பதே அங்கே நோக்கம். இன்னொன்றையும் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். எதிரெதிராக நிற்கிற இரண்டு சாதிகளின் பெருமைப் பாட்டுகள். இரண்டிலும் பாடியிருப்பது ஒரே குரல். ஏதோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கூலிக்குப் பாடிய குரல். சாதியின் பெயர் வருகிற இடத்தில் மட்டும் சொல் மாறியிருந்தது; மெட்டும் மாறவில்லை, வீறாப்பும் மாறவில்லை. அண்ணாவியின் குரலை இன்னொருவர் வாயில் வைக்க முடியாது. இதை யார் வாயிலும் வைக்கலாம். கவிஞர் இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' பாடலும் ஒரு மக்கள் தாங்கள் யார் என்று சொல்கிற பாட்டுத்தான்; கோபமும் அதில் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பாட்டை எந்தத் தெருவுக்குக் குழாயைத் திருப்பிப் போட்டாலும், அங்கே இருப்பவர்களும் மனிதர்கள் என்றுதான் கேட்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி முதலியவற்றைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. கயிற்றை வாசலில் அவிழ்த்து வாங்கிவிடலாம். காதுக்குள் போன பாட்டை எந்த ஆசிரியர் அவிழ்ப்பார்? அந்தப் பாட்டுகளுக்கு அந்தப் பிள்ளைகளின் காதைத் திறந்துவிட்டதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக எங்கள் கடையில் அவற்றைப் போடுவதில்லை. அதனால் சில ஊர்க் கொடைகள் கைவிட்டுப் போயின. போகட்டும்.

பாடகரிடம் அரசியல் பேசாதே என்று சொல்வது இந்த நோய்க்கு மருந்தாகாது. சொந்தக் குரலில் சொந்தக் கதையைப் பாடுகிறவர்களை ஒடுக்க ஒடுக்க, அந்த வெற்றிடத்தில் வந்து உட்காருவது இந்தக் கூலிக் குரல்தான். முத்துப்பட்டன் கதை முழுவதும் பாடப்படுகிற ஊரில் வளரும் பிள்ளைக்கு, செருப்புத் தைத்தவன் தெய்வமான கதை ஐந்து வயதிலேயே காதில் விழுந்துவிடும். அந்தக் கதையின் நடுவில் குமிழைத் திருகியவன் என்ற முறையில் இதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு இந்த ஊர்ச் சந்துகள் வரை ஒலித்தபோது, அதை எழுதிப் பாடிய அறிவின் படம் ஓர் இதழின் அட்டையில் இடம்பெறவில்லை என்று பெரிய விவாதம் எழுந்தது. தங்கள் நாளிதழும் அச்செய்தியை வெளியிட்டது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் கதையிலிருந்து பாடிய ஒருவருக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்ற கோபம் நியாயமானது. அதே நியாயத்தை நம் ஊரிலும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் தினந்தோறும் கொடைச் செய்திகள் வருகின்றன. அறங்காவலர் பெயர், நன்கொடையாளர் பெயர், வந்து தரிசித்த முக்கியப் பிரமுகர்களின் பெயர், அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியவர்களின் பெயர் எல்லாம் இருக்கும். கடைசி வரியில், வில்லிசை, கணியான் கூத்து ஆகியவை நடைபெற்றன என்றிருக்கும். நடத்தியவர் யார் என்றிருக்காது. ஊர்க்காரர்கள் அடிக்கிற நோட்டீசில்கூடப் புலவரின் பெயரும் அண்ணாவியின் பெயரும் ஊரும் போடுகிறார்கள். நாளிதழில் மட்டும் அவை உதிர்ந்துவிடுகின்றன. இனிமேல் அந்த வரியில், பாடியவர் இன்னார், இன்ன ஊர், பாடிய கதை இன்னது என்ற மூன்று விவரங்களையும் சேர்க்குமாறு தங்கள் நிருபர்களிடம் சொல்ல வேண்டும். அச்சில் ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. என் வண்டியில் வந்த அண்ணாவியைப் போன்றவர்களுக்கு, நாளை ஓர் அலுவலகத்தில் அத்தாட்சி கேட்டால் எடுத்துக் காட்ட அந்த ஒரு வரியாவது கையில் இருக்கும்.

வருகிற கொடைகளுக்கான முன்பதிவு எங்கள் கடையில் தொடங்கிவிட்டது. நான் மேலே சொன்ன பெண் புலவர் இப்போது அறுபதை நெருங்கிவிட்டார், இன்னும் பாடுகிறார். அவர் வில்லுக்கு இந்த முறை மைக் கட்டப்போவதும் நான்தான்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி நிலைய உரிமையாளர்,
அம்பாசமுத்திரம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.